கடைப் பட்டி

ஃப்ரீஸரிலிருந்து எடுத்த சமோசா பட்டியை உடனே பிரித்துவிடக் கூடாது. பொட்டலம் கட்டியபடியே மேசைமேல் கிடந்து அறையின் சூட்டுக்கு வர வேண்டும். அவசரப்பட்டுப் பிரித்தால் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த பட்டியின்மேல் வேர்வையாகப் படியும். அத்தனை பட்டிகளும் ஒட்டிக்கொண்டு ஒரே அட்டையாகிவிடும். பொறுத்திருந்து பிரித்தால் பழைய புத்தகத்தின் தாள்கள்போல ஒவ்வொன்றாகக் கழன்று வரும். கழன்று வந்ததை ஈரத்துணியால் மூடிவைக்க வேண்டும். மூடாமல் விட்டால் சிறிது நேரத்தில் காய்ந்து, மடிக்கிற இடத்தில் முறியும். ஈரம் கூடினாலும் கெட்டது, குறைந்தாலும் கெட்டது. கடையில் வாங்கியதுதானே, இதில் என்ன வேலை இருக்கிறது என்று நினைக்கிறவர்களுக்கு முதல் பாடம் இங்கேயே தொடங்கிவிடும்.

அப்படி நினைத்தவர்களில் நானும் ஒருவன். இருபது ஆண்டுகளுக்கு முன்பு அலுவலக நண்பர்கள் நாலு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். மனைவி வெங்காய சமோசா செய்து தட்டில் அடுக்கிக் கொண்டுவந்து வைத்தாள். ஒருவர் கடித்துப் பார்த்துவிட்டு, ‘பிரமாதம்மா’ என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். ‘பட்டி கடையில வாங்கினதுதான்’ என்றேன். அடக்கமாகப் பேசுவதாக எனக்கு நினைப்பு. செய்தது அவள், அடக்கம் மட்டும் என்னுடையது. அவள் ஒன்றும் சொல்லாமல் காலித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு வெகுகாலம் எங்கள் வீட்டில் சமோசா செய்யவில்லை. அதை நான் கவனிக்கவும் இல்லை.

பணி ஓய்வுக்குப் பிறகுதான் அடுப்படிப் பக்கம் ஒழுங்காகப் போக ஆரம்பித்தேன். சமோசா மடிக்கக் கற்றுக்கொடுத்தவர் திருவல்லிக்கேணியில் எங்கள் மாடியில் குடியிருந்த அக்கா. நோன்பு மாதம் முழுக்க அவர் வீட்டில் கஞ்சிக்குத் துணையாக ஏதாவது ஒன்று பொரியும். ஒரு நாள் வடை, ஒரு நாள் சமோசா. பின்மதியம் மூன்று மணிக்கு மேல் தரையில் செய்தித்தாளை விரித்து, நடுவில் பூரணப் பாத்திரம், வலப்பக்கம் பட்டி, இடப்பக்கம் ஒரு கிண்ணத்தில் மைதாப் பசை என்று அவர் உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் தட்டு நிறைந்துவிடும். தண்ணீர்கூடக் குடிக்காத வாயோடு, ருசி பார்க்காமலேயே உப்பைச் சரியாகப் போடுகிற கை அது.

பட்டி என்றதும் தமிழ்க் காதுக்கு உசிலம்பட்டியும் ஆட்டுப்பட்டியும்தான் முன்னால் வந்து நிற்கும். இந்தப் பட்டி வடக்கிலிருந்து வந்தது. நீண்டு ஒடுங்கிய துண்டைச் சொல்லும் இந்திச் சொல். ஏறக்குறைய ஒரு சாண் நீளம், நாலு விரல் அகலம், அரைவேக்காடு. மேலே அங்கங்கே தேமல்போல வெளிர்ப் பழுப்புப் புள்ளிகள். அந்தப் புள்ளிகள் எங்கிருந்து வந்தன என்பதைப் பட்டி தயாராகும் இடத்துக்குப் போன பிறகுதான் புரிந்துகொண்டேன்.

நோன்பு பிறக்கச் சில நாள் இருக்கும்போது அக்காவுக்காகப் பட்டி வாங்கப் போனேன். ஒரு சந்துக்குள் ஒற்றை அறை. நாலு பெண்கள். மைதாவை உப்பும் தண்ணீரும் விட்டுச் சற்று இறுக்கமாகப் பிசைந்து, சின்னப் பூரிகளாகத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பூரியின்மேல் எண்ணெய் தடவி, மாவு தூவி, அதன்மேல் இன்னொரு பூரி. மறுபடி எண்ணெய், மாவு, பூரி. இப்படி நாலை அடுக்கி, மொத்தத்தையும் சேர்த்து ஒரே பெரிய சப்பாத்தியாகத் தேய்த்தார்கள். ஒற்றைப் பூரியை அவ்வளவு மெல்லிசாகத் தேய்த்தால் பலகையில் ஒட்டிக் கிழிந்துவிடும். நாலும் சேர்ந்திருப்பதால் நாலும் மெலிய முடிகிறது. காய்ந்த கல்லில் அதைப் போட்டு, சிவக்குமுன் திருப்பி, எடுத்த சூட்டிலேயே ஒரு பெண் அடுக்குகளைப் பிரித்தார். ஆறினால் பிரியாது, ஆறும்வரை பொறுக்க முடியாத வேலை. விரல் நுனிகளைத் தண்ணீரில் தொட்டுக்கொள்வார், பிரிப்பார், மறுபடி தொட்டுக்கொள்வார். கல் தொட்ட இடமெல்லாம் தேமல் விழுந்திருந்தது. பிறகு வட்டத்தின் ஓரங்களைச் சீவிவிட்டு நாடா நாடாவாக வெட்டினார்கள். சீவிய ஓரங்களும் வீணாவதில்லை; பொரித்து உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுக் குலுக்கினால் அதுவும் தீனி.

அந்தப் பொட்டலத்தைக் கையில் வாங்கியபோது சூடு இன்னும் இருந்தது. ‘கடையில வாங்கினது’ என்று சொல்லும்போது எதைச் சொல்கிறோம் என்று முதல்முறையாக யோசித்தேன். யாரும் செய்யாதது என்ற தொனியில்தான் அதைச் சொல்லிவந்திருக்கிறேன். பட்டியின் மேல் இருந்த ஒவ்வொரு புள்ளியும் யாரோ ஒருத்தி கல்லின் முன்னால் நின்றதற்கு அடையாளம்.

மடிப்பை அக்கா சொல்லித் தந்த விதம் இது. பட்டியின் ஒரு முனையைக் குறுக்காக மடி. அந்த முக்கோணத்தின்மேல் இன்னொரு மடி மடித்தால் கைக்குள் ஒரு பை உண்டாகும். கடலைக்காரர் சுருட்டுகிற காகிதப் பொட்டலத்தைத் தட்டையாக்கியதுபோல. அதில் இரண்டு கரண்டிப் பூரணம், வாய்வரை அடைக்காமல். மீதி நாடாவை மேலே சுற்றிக்கொண்டுவந்து, வால் முனையில் பசை தடவி ஒட்டிவிடு. பசை என்பது மைதாவும் தண்ணீரும்தான். சுவரில் சினிமா போஸ்டர் ஒட்டுகிறவர்கள் காய்ச்சுகிற பசைக்கும் மூலப்பொருள் அதுவே.

‘மூலையில கண்ணு விடாதீங்க தம்பி’ என்பார். மூன்று மூலைகளிலும் ஊசிமுனை அளவுக்கு ஓட்டை விழுவது எளிது. அதுதான் கண். அதன் வழியாக எண்ணெய் உள்ளே போகும், பூரணம் வெளியே வரும். என் முதல் இருபது சமோசாக்களுக்கும் மூன்று கண்கள் இருந்தன. அக்கா ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, பசையைத் தொட்டுக் கண்களை மூடினார். சிரிக்கவில்லை; நோன்பு நேரம், சிரிக்கவும் தெம்பு வேண்டும்.

வெங்காய சமோசாவில் ஒரு தந்திரம் உண்டு. வெங்காயத்தை நீளமாக அரிந்து உப்பைப் போட்டதும் அது தண்ணீர் விட ஆரம்பிக்கும். மைதா பட்டிக்கு அந்தத் தண்ணீரே எமன். அதனால் அரிந்த வெங்காயத்தோடு ஒரு பிடி அவல் சேர்ப்பார்கள். ஹைதராபாத்தில் இரானி சமோசா என்று விற்பதிலும் இதே ஏற்பாடுதான். அவல் நீரைக் குடித்துக்கொள்ளும். தின்கிறவருக்கு அவல் இருப்பதே தெரியாது.

அடுத்து அடுப்பு. நம் ஊரில் சமோசா என்றால் வாணலி நிறைய எண்ணெய் என்பதுதான் வழக்கம். அக்கா தட்டையான கல்லில் அரை விரல் உயரத்துக்கு எண்ணெய் விட்டுச் சுட்டெடுப்பார். எண்ணெய் மிச்சம் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் சமோசாவின் வடிவத்திலேயே இருக்கிறது. வடக்கத்திச் சமோசா கூம்பு. தடித்த பச்சை மாவு, நிமிர்ந்து உட்காரும், எல்லாப் பக்கமும் முங்கினால்தான் வேகும். பட்டிச் சமோசா தட்டை முக்கோணம். அதற்கு இரண்டு முகங்கள். இரண்டும் கல்லில் படுக்கும். பட்டி ஏற்கெனவே அரைவேக்காடு என்பதால் அடுப்பில் மிச்சமிருக்கும் வேலையும் கொஞ்சம்தான். பச்சை மாவை இப்படிச் சிற்றெண்ணெயில் போட்டால் வெளியே கருகி உள்ளே வெள்ளையாக நிற்கும். கடைப் பட்டியும் தட்டைக் கல்லும் ஒன்றுக்கொன்று பொருத்தம் பார்த்துக் கட்டிவைத்த ஜோடி.

இதைப் புத்தியால் புரிந்துகொள்வதற்கு முன்னால் நான் ஒரு பாத்திரம் பூரணத்தை வீணாக்கினேன். தனியாகச் செய்துபார்க்கிறேன் என்று கிளம்பிய முதல் நாள், உருளைக்கிழங்கு மசாலாவை அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டில் பட்டிக்குள் அடைத்தேன். சூட்டின் ஆவி பட்டியை உள்ளிருந்து ஊறவைத்தது. கல்லில் போட்டதும் ஒவ்வொன்றாக வயிறு வெடித்தது. மசாலா எண்ணெயில் சிதறிக் கருகியது. சத்தம் கேட்டு இறங்கி வந்த அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, ‘ஆறவெச்சிருக்கணும் தம்பி. பூரணமும் ஆறணும், ஆளும் ஆறணும்’ என்றார்.

பொரிவது என்பது தண்ணீர் வெளியேறுவதுதான். எண்ணெய் 170, 180 பாகையில் இருக்கும். தண்ணீர் 100 பாகையிலேயே ஆவியாகும். பட்டிக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகி வெளியே பீறிடுவதுதான் நாம் கேட்கும் சடசடப்பு, நாம் பார்க்கும் குமிழி. ஆவி வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்வரை எண்ணெயால் உள்ளே நுழைய முடியாது. சத்தம் தணிந்தால் ஈரம் தீர்ந்துவருகிறது என்று பொருள். எடுக்க வேண்டிய நேரம் அது. அதற்கு மேலும் விட்டால் காலியான இடத்துக்கு எண்ணெய் குடிவந்துவிடும். அக்காவுக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டியிருக்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு வேறு வேலை செய்தபடியே, ‘சத்தம் அடங்கிடுச்சு, எடுங்க’ என்பார்.

கல்லில் சுடுவதில் ஒரு குறை உண்டு. இரண்டு முகமும் பொன்னிறமாகிவிடும். மடிப்புகள் சேரும் தடித்த விளிம்பு மட்டும் எண்ணெய் படாமல் வெளுத்துக் கிடக்கும். அதை அக்கா முதுகு என்பார். ‘நிறுத்தி வைங்க தம்பி, முதுகும் சிவக்கட்டும்.’ இடுக்கியால் நிமிர்த்தி, ஒன்றோடொன்று சாய்த்து, வரிசையாக நிறுத்த வேண்டும். அரை நிமிடம் போதும். ஆனால் அந்த அரை நிமிடத்தைச் செலவழிக்க எல்லாருக்கும் மனம் வராது. ஒரு வீட்டுச் சமோசாவின் முதுகைப் பார்த்தால் சுட்டவரின் பொறுமை தெரிந்துவிடும்.

பட்டியைக் கடையில் வாங்குவது இந்தக் காலத்துச் சோம்பல் என்று யாராவது சொன்னால், நான் அவர்களை 1226ஆம் ஆண்டுக்கு அழைத்துப்போவேன். அந்த ஆண்டு பாக்தாதில் முகம்மது அல்பாக்தாதி என்பவர் ‘கிதாப் அல்தபீக்’ என்ற சமையல் நூலை எழுதினார். அதில் சன்பூசஜ் இருக்கிறது. நம் சமோசாவின் மூதாதை. கறியைக் கொத்தி மசாலாவோடு பக்குவப்படுத்திக்கொள்ளச் சொல்கிறார். பிறகு மெல்லிய ரொட்டியை நாடாவாக வெட்டி, பூரணத்தை வைத்து முக்கோணமாக மடித்து, மாவுப் பசையால் ஒட்டி, எள்ளெண்ணெயில் பொரிக்கச் சொல்கிறார். முதன்முறை இதைப் படித்தபோது திருவல்லிக்கேணித் தரையில் விரித்த செய்தித்தாள் கண்முன் வந்தது. முன்பே சுட்டு வைத்த மெல்லிய ரொட்டி, நாடா, முக்கோணம், பசை. ஒன்றுகூட மாறவில்லை. எண்ணெய்கூட நம் நல்லெண்ணெய்தான்.

அந்த நூல் எழுதி 32 ஆண்டுகள் கழித்து, 1258இல், ஹுலாகுவின் மங்கோலியப் படை பாக்தாதைச் சூறையாடியது. சன்பூசஜ் அதற்கு முன்பே பல ஊர்களுக்குப் பரவிவிட்டிருந்தது. 14ஆம் நூற்றாண்டில் தில்லிக்கு வந்த இப்னு பதூதா, முகம்மது பின் துக்ளக்கின் விருந்துகளில் பரிமாறியதைப் பட்டியலிடும்போது, கொத்துக்கறியோடு பாதாம், அக்ரூட், பிஸ்தா, வெங்காயம் சேர்த்து, மெல்லிய ரொட்டிக்குள் வைத்து நெய்யில் பொரித்த பண்டத்தைச் சொல்கிறார். அவர் குறிப்பிலும் ரொட்டிக்குள் வைப்பதுதான் வருகிறது. உருளைக்கிழங்கு இந்தக் கதைக்குள் நுழைந்தது மிகவும் பிந்தி, ஐரோப்பியக் கப்பல்கள் அதைத் தென்னமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த பிறகு. சமோசாவின் உள்ளே இருப்பது ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. மெல்லிய ரொட்டியும் மடிப்பும் அதிகம் மாறவில்லை.

உலகத்தின் வேறு அடுப்படிகளையும் பார்த்தால், மெல்லிய தாளைச் செய்வது பல இடங்களில் தனித் தொழிலாகவே இருக்கிறது. துருக்கியில் யுஃப்கா என்ற தாளை மட்டும் தேய்த்து விற்பதற்கென்றே கடைகள் உண்டு. அதை வாங்கிவந்து வீட்டில் பாலாடைக்கட்டி வைத்துச் சுருட்டிப் பொரிக்கிறவர்களை யாரும் பாதிச் சமையல்காரர் என்று சொல்வதில்லை. மொராக்கோவின் வர்க்காவைச் செய்கிறவர்கள் பிசுபிசுப்பான மாவு உருண்டையைச் சூடான தட்டில் ஒற்றி ஒற்றி எடுப்பார்கள். ஒற்றிய இடமெல்லாம் மெல்லிய ஆடை படியும். சிங்கப்பூரில் பாப்பியாத் தோல் செய்கிறவர்களின் கையிலும் ஏறக்குறைய அதே ஒற்றல்தான். அந்தச் சிங்கப்பூரில் 1977இல் சாம் கோய் என்பவர் டீ யீ ஜியா என்ற சிறிய தாள் தயாரிப்பு நிறுவனத்தை வாங்கி, கையால் ஒற்றியதை இயந்திரத்துக்கு மாற்றி, ‘பாப்பியா மன்னர்’ என்று பெயரெடுத்தார். இன்று உறைய வைத்த ஸ்பிரிங் ரோல் தாள் உலகெங்கும் கிடைக்கிறது. சமோசா பட்டி கிடைக்காத ஊர்களில் குடியிருக்கும் நம்மவர்கள் அந்தச் சதுரத் தாளை மூன்றாக வெட்டிப் பட்டியாக்கிக்கொள்கிறார்கள். சீனத் தோலுக்குள் நம் வெங்காயமும் அவலும் போய் உட்கார்ந்துகொள்கின்றன.

இழப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். பட்டியின் அளவு சமோசாவின் அளவைத் தீர்மானித்துவிடுகிறது. எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே அச்சில் வார்த்த முக்கோணம். மாவில் ஒரு சிட்டிகை ஓமம் சேர்க்கலாம், நெய் விட்டுப் பிசையலாம், கோதுமையில் செய்து பார்க்கலாம் என்ற இடமெல்லாம் பொட்டலத்தோடு மூடிவிடுகிறது. எப்போது செய்த பட்டி என்பதை உறையில் அச்சிட்ட தேதியைக் கொண்டுதான் நம்ப வேண்டும். தீபாவளிக்குச் சோமாசி செய்யும்போது என் அம்மா விளிம்பை விரலால் முறுக்கி மடிப்பார். பெரியம்மா சோமாசிக் கரண்டியின் சக்கரத்தை ஓட்டி வெட்டுவார். தட்டில் கலந்து வைத்தாலும் எது யாருடையது என்று எங்களுக்குத் தெரியும். பட்டிச் சமோசாவில் அப்படிக் கண்டுபிடிக்க முடியாது, முதுகைப் பார்த்தாலொழிய.

ஆனாலும் ‘கடையில வாங்கினதா?’ என்ற கேள்வி இந்த இழப்பைப் பற்றியதாக ஒருபோதும் இருந்ததில்லை. அரிசியைக் கடையில் வாங்குகிறோம்; நெல்லைக் குத்தவில்லையே என்று யாரும் கேட்பதில்லை. மிளகாய்த்தூளைக் கடையில் வாங்குவதைப் பற்றிக் கேட்பதை நிறுத்திக் கொஞ்ச காலம் ஆகிறது. இட்லி மாவுப் பொட்டலத்தைப் பற்றி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். உரல் போய் மில் வந்தபோதும், ஆட்டுக்கல் போய் கிரைண்டர் வந்தபோதும் ருசி போயிற்று என்று அங்கலாய்த்தவர்களில் உலக்கையையோ குழவியையோ கையில் பிடித்தவர்கள் எத்தனை பேர்? ஒரு பெண்ணுக்கு மிச்சமான ஒரு மணி நேரம் எங்கே போயிற்று என்பதுதான் அந்தக் கேள்விக்குள் மடித்து வைத்திருக்கும் பூரணம். மேலே ருசியைப் பற்றிய கவலை என்று ஒரு மெல்லிய பட்டி சுற்றியிருக்கிறது, அவ்வளவுதான்.

கைமணம் என்ற சொல்லை நான் இப்போது பயந்து பயந்துதான் பயன்படுத்துகிறேன். பாராட்டாகத்தான் சொல்கிறோம். ஆனால் அந்த மணம் ஒரே கையில் இருப்பதாக எண்ணிக்கொள்கிறோம். அந்தக் கை அடுப்படியை விட்டு நகராமல் இருந்தால்தான் மணம் என்றும் எண்ணிக்கொள்கிறோம். சந்துக்குள் சூடு பொறுத்துப் பட்டி பிரித்தவருக்கும், தரையில் உட்கார்ந்து மடித்தவருக்கும், எட்டு நூற்றாண்டுக்கு முன் எள்ளெண்ணெயில் இறக்கியவருக்கும் சேர வேண்டியதை ஒருத்தியிடம் கேட்கிறோம். கொடுக்க முடியாதபோது, கடைப் பட்டிதானே என்கிறோம்.

போன மாதம் பழைய அலுவலக நண்பர்கள் வந்திருந்தார்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் ‘பிரமாதம்மா’ என்றவரும் அதில் இருந்தார். நான்தான் சமோசா போட்டேன். சட்டை நுனியில் மைதா ஒட்டியிருக்க, தட்டை எடுத்துவந்து வைத்தேன். ‘சார், நீங்களேவா செஞ்சீங்க!’ என்று ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார். ‘என்னா கைமணம்!’ என்றார் இன்னொருவர். பிரித்த பட்டிப் பொட்டலத்தின் உறை, பெயரும் விலையும் தெரியும்படி, தட்டுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. யார் கண்ணிலும் அது படவில்லை. நானும் இந்த முறை அடக்கமாக எதையும் சொல்லவில்லை என்பதைச் சற்று நேரம் கழித்துத்தான் உணர்ந்தேன்.

மனைவி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தாள். பாதியை முடித்துவிட்டு, நிதானமாகச் சொன்னாள்: ‘பட்டி எங்க வாங்கினாருன்னு கேளுங்கண்ணா.’

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தபடி அடுப்படிக்குப் போனேன். கல்லில் மிச்சம் நாலு இருந்தன. சத்தம் இன்னும் முழுதாக அடங்கவில்லை. முதுகு வெளுப்பாகவே இருந்தது. இடுக்கியை எடுத்து, ஒவ்வொன்றாக நிறுத்தி வைத்தேன்.